ஏகாம்பரம் அண்ணன் தாண்டிப்போன பாடம்

திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலின் மண்டபத்தில் ஒரு குழுவுக்குக் கூரை ஓவியங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஏகாம்பரம் அண்ணனின் மனைவி சரோஜா அண்ணியிடமிருந்து அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் அவர் கூப்பிடமாட்டார். வெளியே வந்து எடுத்தேன்.

"தம்பி, வேலையில இருக்கியா?"

"சொல்லுங்க அண்ணி."

"ஒண்ணும் அவசரமில்லப்பா. முடிச்சிக்கினு வா. உங்க அண்ணன் போயிட்டாரு."

அவ்வளவுதான் சொன்னார். திரும்ப உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். எத்தனையோ வருடங்களாக அதே ஓவியங்களின் கீழ் நின்று பேசியவன் நான். அன்று எந்தக் கதையை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. குழுவில் இருந்த ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உட்காருங்கள்" என்றார். உட்கார்ந்தேன். அவர்கள் தாங்களாகவே கொஞ்ச நேரம் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வேனில் ஏறினார்கள்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு ஏகாம்பரம் அண்ணனைத் தெரியும். எங்களைப் போன்ற வழிகாட்டிகள், வேன் ஓட்டுநர்கள், மருத்துவமனை ஊழியர்கள், ஞாயிறு வகுப்புக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அவர் 'ஸ்பானிஷ் ஏகாம்பரம்'. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, இடப்பக்கம் வகிடெடுத்து எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, பக்கத்தில் நடப்பவரை மூச்சிறைக்க வைக்கும் நடை. தான் பேசும்போது யாராவது குறுக்கே பேசினால் அவருக்கு ஆகாது. "நான் முடிச்சிக்கிறேன், அப்புறம் நீ ஆரம்பி" என்பார். முடிக்கமாட்டார்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன் தம்பிகள் தறியில் உட்கார்ந்தார்கள். இவருக்கு ஒரு இடத்தில் உட்காரவே வராது. முதலில் எங்களைப் போல ஆங்கிலத்தில்தான் கோயில் காட்டினார். ஸ்பெயினிலிருந்தும் மெக்ஸிகோவிலிருந்தும் வரும் குழுக்களுக்கு அவர்கள் மொழியில் சொல்ல இந்த ஊரில் ஆள் இல்லை என்று கண்டுகொண்டு, சென்னையில் லதா மேடம் நடத்திய வார இறுதி வகுப்பில் சேர்ந்தார். பேருந்தில் போவதும் வருவதுமாக ஸ்பானிஷ் படித்தார்.

லதா மேடத்தின் புத்தகத்தில் ஒரு பாடம் உண்டு. காலையிலிருந்து இரவு வரை ஒரு மனிதன் செய்கிற வேலைகள். எழுந்திருப்பது, பல் துலக்குவது, குளிப்பது, சவரம் செய்துகொள்வது, உடுத்திக்கொள்வது, தலை வாரிக்கொள்வது, படுத்துக்கொள்வது. ஒருவர் தனக்குத் தானே செய்துகொள்ளும் இந்த வேலைகளைச் சொல்லும்போது ஸ்பானிஷில் வினைக்கு முன்னால் ஒரு சின்னச் சொல் வந்து நிற்கும். 'நான்' என்றால் 'மே' வரும். 'மே லெவாந்தோ' என்றால் எழுந்துகொள்கிறேன். 'மே விஸ்தோ' என்றால் உடுத்திக்கொள்கிறேன். அந்தப் பாடம் வந்ததும் அண்ணன் எழுந்து நின்று, "கோயில் பாக்க வர்றவங்க பல்லு விளக்கிக்கிறது எனக்கு எதுக்கு மேடம்? அடுத்த பாடத்துக்குப் போலாமா?" என்று கேட்டிருக்கிறார். வகுப்பே சிரித்ததாம். அவர் அந்தப் பாடத்தைத் தாண்டிப் போய்விட்டார். மன்னர்களும் போர்களும் தூண்களும் சிற்பங்களும் சில மாதங்களில் அவர் நாக்கில் தண்ணீராக ஓடின.

தாண்டியதன் பலன் முதலில் வேடிக்கையாகத்தான் வந்தது. ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தின் கீழ் ஒரு ஸ்பானிஷ் அம்மாள் சிநேகமாக அவரிடம் ஏதோ கேட்டார். இவர் நிமிர்ந்து, கோபுரத்தைக் காட்டி, "விஜயநகர மன்னர் காலத்தில்" என்று ஸ்பானிஷில் பதில் சொன்னார். குழு முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாள் கேட்டது, "நீங்கள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்?" என்று. கோபுரம் எழுப்பியதற்கும் மனிதன் எழுந்துகொள்வதற்கும் அந்த மொழியில் வேர் ஒன்றுதான். அண்ணனுக்குக் கோபுரம்தான் தெரியும். அன்று மாலை தேநீர்க் கடையில் அதை அவரே எங்களிடம் சொல்லி, எங்களைவிடப் பலமாகச் சிரித்தார்.

ஹூலியான் என்ற பெரியவர் வந்தபோது சிரிப்பு நின்றது.

ஸ்பெயினில் ஒரு சிற்றூரில் முடிதிருத்தகம் வைத்திருந்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவியை இழந்தவர். ஒரு குழுவோடு வந்திருந்தார். அண்ணன் அவர்களைத் திருமுக்கூடலுக்கு அழைத்துப் போனார். அங்கே கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு மருத்துவமனையைப் பற்றி, அங்கிருந்த வைத்தியர், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்கள், மருந்துகள் என்று எல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்கள். அண்ணனுக்கு மிகவும் பிடித்த இடம் அது. மருந்துகளின் பெயர்களைக்கூட ஸ்பானிஷில் சொல்வார். எல்லாம் கேட்டு முடித்து ஊருக்குத் திரும்பி, வேனிலிருந்து இறங்கும்போது பெரியவரின் கால் பிசகியது. விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

இங்கேயே அறுவை சிகிச்சை நடந்தது. குழு மேற்கொண்டு பயணம் போய்விட்டது. மகளுக்கு விசா கிடைத்து வந்து சேர நாளாகும் என்றார்கள். மொழி தெரிந்தவர் என்று ஊரில் இருந்தவர் அண்ணன் ஒருவர்தான். இருக்கச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை. அவராகவே போய் உட்கார்ந்தார்.

"கூட்டிக்கினு வந்த கம்பெனிக்காரங்களே கெளம்பிட்டாங்க. நீங்க எதுக்கு தெனம் போறீங்க?" என்று சரோஜா அண்ணி கேட்டிருக்கிறார். ஆங்கிலம் பேசும் இரண்டு குழுக்களை அண்ணன் எனக்குத் தள்ளிவிட்டிருந்தார். அந்தக் கவலை அண்ணிக்கு.

"அவரு கண்ணைத் தொறந்தா ஒரு வார்த்தை புரியணும் சரோஜா. அதுக்குத்தான்."

ஆனால் புரியவில்லை. அதுதான் அண்ணனை உலுக்கியது. வலிக்கிறதா, சாய்ந்துகொள்கிறீர்களா, திரும்பிப் படுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்க அவரிடம் சொல் இல்லை. பெரியவரை எழுப்பி உட்காரவைக்க நினைத்து, "மே லெவாந்தோ" என்பார். நான் எழுந்துகொள்கிறேன் என்று அர்த்தம். இவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார். பெரியவர் வலியோடு அவரைப் பார்ப்பார்.

அதைவிட மோசமானது குளியல். காலையில் முனுசாமி என்ற வார்டு ஊழியர் ஈரத்துணியால் பெரியவருக்கு உடம்பு துடைத்துவிட வருவார். அவரைக் கண்டதும் பெரியவர், "யோ மே லாவோ, யோ மே லாவோ" என்று சொல்லத் தொடங்குவார். 'லாவோ' என்றால் கழுவுவது என்று அண்ணனுக்குத் தெரியும். 'மே' என்றால் 'என்னை' என்றும் தெரியும். "என்னைக் கழுவுன்னு கேக்குறாருப்பா, நல்லா தொடைச்சி விடு" என்று முனுசாமியிடம் சொல்லியிருக்கிறார். முனுசாமியும் அக்கறையாக இன்னொரு முறை துடைத்திருக்கிறார். பெரியவர் கத்தியிருக்கிறார். மறுநாளும் இதேதான். அதற்கடுத்த நாள் பெரியவர் தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டு, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் சாப்பாட்டையும் தொடவில்லை. பேச்சையும் நிறுத்திவிட்டார்.

டாக்டர் அண்ணனை வெளியே அழைத்துச் சொன்னார். எலும்பு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் எழுந்து நிற்கவேண்டும். இந்த வயதில் படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், அப்புறம் எங்கள் கையில் இல்லை. நிற்கச் சொல்லுங்கள், உங்களுக்குத்தானே அவர் பாஷை தெரியும் என்றாராம்.

அன்று பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் அவரைப் பார்த்தேன். சட்டை கசங்கியிருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"எனக்கு ஸ்பானிஷ் தெரியும்னு ஊரை ஏமாத்திக்கினு இருந்திருக்கேன்பா," என்றார். "தறியில வெறும் பாவு நூலை நீட்டிவச்சிட்டு புடவைன்னு சொல்லிக்கினு இருந்தேன். குறுக்க ஒரு இழைகூட ஓடல."

லதா மேடத்தைக் கூப்பிடச் சொன்னேன். கூச்சப்பட்டார். வகுப்பை விட்டு வருடக்கணக்காகிறது என்றார். நான் விடவில்லை. கடைசியில் என் முன்னாலேயே கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

மேடம் முதலில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவர் சொன்னது 'லாவா'வா, 'லாவோ'வா? கடைசி எழுத்து என்ன?"

"லாவோ மேடம்."

"அப்ப கழுவுறது அவரேதான். 'லாவோ'ன்னா செய்யறவர் 'நான்'. அந்த 'மே' சேர்ந்தா தனக்குத் தானே. நாம 'குளிச்சிக்கிறேன்', 'உடுத்திக்கிறேன்'னு சொல்றோம் இல்லையா? அந்த 'க்கிறேன்' இருக்கே, அதுதான் அந்த 'மே'. அவர் உங்ககிட்ட கழுவி விடச் சொல்லல ஏகாம்பரம். 'நானே கழுவிக்கிறேன், என்னை விடுங்க'ன்னு சொல்லியிருக்கார்."

மேடம் இரண்டு முறை "ஹலோ" என்றார். பிறகு அண்ணன் மெதுவாகக் கேட்டார். "அந்தப் பாடத்தை இப்ப நடத்துவீங்களா மேடம்?"

தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் அந்தப் பாடத்தைப் படித்தார். மேடம் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார். எழுந்துகொள்கிறேன், எழுந்துகொள்கிறீர்கள். சாய்ந்துகொள்கிறேன், சாய்ந்துகொள்கிறீர்கள். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பஸ்கள் வருவதும் ஹாரன் அடிப்பதுமாக இருந்தன. அண்ணன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, சத்தமாக, கூச்சமே இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். அண்ணன் கட்டிலின் அந்தப் பக்கம், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நுழைந்து, பெரியவரின் முகம் தெரிகிற இடத்தில் குந்தி உட்கார்ந்தார். மன்னிக்கச் சொல்லிக் கேட்டார். அதற்கான சொல் அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு கேட்டார், "நீங்களே கழுவிக்கொள்கிறீர்களா?" அந்தக் கேள்விக்குள் அந்தச் சின்னச் சொல் சரியான இடத்தில் இருந்திருக்க வேண்டும். பெரியவர் கண்ணைத் திறந்து வெகுநேரம் அவரைப் பார்த்தார். தலையசைத்தார்.

முனுசாமி ஒரு பேசினில் வெந்நீரும் சோப்பும் துண்டும் கொண்டுவந்து முன்னால் வைத்தார். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, திரையை இழுத்துவிட்டு நாங்கள் மூவரும் வெளியே நின்றோம். உள்ளே தண்ணீர் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"இம்மா நேரமா? விழுந்துடப் போறாரு சார், எட்டிப் பாக்கட்டுமா?" என்றார் முனுசாமி.

"வேணாம். கூப்பிடுவாரு," என்றார் அண்ணன்.

கூப்பிட்டார். முகத்தையும் கைகளையும் கழுத்தையும் தானே கழுவியிருந்தார். படுக்கை விரிப்பு பாதி நனைந்து கிடந்தது. முனுசாமி அதை மாற்றினார். அன்று காலை பெரியவர் இட்லி சாப்பிட்டார்.

அதன்பின் தினமும் அப்படித்தான். ஒவ்வொன்றையும் செய்யும்போது பெரியவர் வாய்விட்டுச் சொல்வார், அண்ணன் திருப்பிச் சொல்வார். தப்பாகச் சொன்னால் பெரியவர் கையிலிருப்பதை அப்படியே நிறுத்திவிடுவார். சரியாகச் சொன்ன பிறகுதான் சட்டைப் பொத்தானை மாட்டுவார். அவர் நின்ற நாளில் நான் இல்லை. அண்ணன்தான் சொன்னார். வாக்கர் என்கிற நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்த்து, "மே லெவாந்தோ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லியபடியே எழுந்தாராம். "விஜயநகர ராஜா கோபுரத்தை எழுப்பினதை நான் பாக்கல. இதைப் பாத்தேன்பா," என்றார்.

உட்கார முடிந்ததும் பெரியவர் கண்ணாடி வைத்துக்கொண்டு தானே சவரம் செய்துகொண்டார். அந்தக் கை நடுங்கவே இல்லை. முடித்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததில் அண்ணனின் முகம் முள்ளாக இருந்தது. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அண்ணன் பதறி, "ஐயோ, நீங்க போய் எனக்கு..." என்று தமிழிலேயே சொல்லிவிட்டு எழப்பார்த்தார். பெரியவர் அவர் தோளை அழுத்தி, "தேஹதே" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணனின் கன்னத்தில் நுரை பூசி, மோவாயை இரண்டு விரலால் உயர்த்தி, சவரம் செய்துவிட்டார். அவ்வளவு வழவழப்பாக அண்ணனின் முகத்தை நாங்கள் அப்புறம் பார்த்ததில்லை. மகள் வந்து அவரை அழைத்துப் போனபோது, பெரியவர் நடைச்சட்டத்தைப் பிடித்தபடி காருக்குத் தானே நடந்தார்.

அந்தப் பாடத்திலிருந்துதான் அண்ணனின் ஞாயிறு வகுப்பு தொடங்கியது. இளம் வழிகாட்டிகள், ஓட்டுநர்கள், இரண்டு நர்ஸ்கள், முனுசாமி. கோயிலைப் பற்றி ஒரு சொல்கூடக் கடைசி மாதம் வரை சொல்லித்தரமாட்டார். யாராவது பொறுமையிழந்து கேட்டால், "ராஜா கதை எங்கேயும் ஓடிப்போகாது. ஒரு மனுஷன் விழுந்தா நீ இன்னா பேசுவே, அதை மொதல்ல சொல்லு" என்பார்.

பிறகு அவருக்கே நோய் வந்தது. கைகால் நரம்புகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்துபோகிற நோய். அந்த வேக நடை முதலில் போனது. பேனா போனது. பொத்தான் போனது. நான் அடிக்கடி போவேன். ஒருநாள் காலை உள்ளே நுழைந்தபோது, சரோஜா அண்ணி அவரை நாற்காலியில் உட்காரவைத்து, குளிப்பாட்டி முடித்து, துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்தார். நான் சட்டென்று பின்வாங்கினேன்.

"ஏம்பா ஓடுறே? உள்ள வா," என்றார் அண்ணன். பேச்சு குழற ஆரம்பித்திருந்த நேரம்.

என்ன பேசுவதென்று தெரியாமல், மனதில் இருந்ததையே கேட்டுவிட்டேன். "உங்களுக்குக் கஷ்டமா இல்லையாண்ணா?"

"ஆரம்பத்துல இருந்துச்சி. நானே செஞ்சிக்கிறேன், நானே செஞ்சிக்கிறேன்னு இவ கையைத் தட்டிவிட்டேன். சொம்பு உருண்டு ஓடிச்சி. இவ அழுதா." மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்தப் பெரியவரால முடிஞ்சிது, நானேன்னு சொன்னாரு. அது நியாயம். என்னால முடியாது. முடியாதவன் நானேன்னா, கூட இருக்கறவளுக்குத்தான் அடி விழுது."

அண்ணி சீப்பை எடுத்தார்.

"எனக்கு சவரம் பண்ணப்ப அவரு ஒண்ணு சொன்னாரு, ஞாபகம் இருக்குதா? தேஹதே. உன்னை என் கையில விடுன்னு அர்த்தம். அன்னிக்கு நான் மூஞ்சியக் குடுத்துக்கினு உக்காந்திருந்தேன். எனக்கு அவமானமா இல்லப்பா, சொகமா இருந்துச்சி. அதுவும் அந்தச் சின்னச் சொல்லு வர்ற வினைதான். மே தேஹோ. என்னை நான் விட்டுக்குடுக்கிறேன். அதுவும் நானே செய்யறதுதான். மேடம் அதை நடத்தல. அந்தப் பாடத்துல அது இல்ல."

"போதும் உங்க வகுப்பு. தலையை ஆட்டாதீங்க, வகிடு கோணலாப் போவுது," என்றார் அண்ணி.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் என்னோடு முழுசாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

செய்தி வந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். அந்தத் தெருவில் அன்று எந்தத் தறியும் ஓடவில்லை. உடம்பைக் குளிப்பாட்ட என்னையும் அழைத்தார்கள். முனுசாமி வந்திருந்தார். அவர்தான் தண்ணீர் கதகதப்பாக இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்தார். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. நான் தோளில் ஊற்றினேன். அண்ணி வந்து, ஈரத்தலையைத் துவட்டி, எண்ணெய் வைத்து, வாரிவிட்டார்.

எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. அவர் வகுப்பில் நான் சேரவும் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம் மட்டும். அந்த மருத்துவமனை நாட்களுக்குப் பிறகு, படியில் தயங்கி நிற்கும் எவருடைய முழங்கையையும் அவர் தானாகப் பிடித்ததில்லை. தன் கையை மடக்கி முன்னால் நீட்டுவார். பிடித்துக்கொள்ளச் சொல்லமாட்டார். வேறு எங்கோ பார்த்தபடி நிற்பார். குறுக்கே பேசினாலே பொறுக்காத மனிதர், அப்போது மட்டும் எவ்வளவு நேரமானாலும் நிற்பார்.

போன வாரம் ஒரு வயதான அம்மாள் கோயில் படியின் மேல் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். குழு முன்னால் போய்விட்டது. ஓட்டுநர் நேரமாகிறது என்று கையசைத்தார். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார், தோள்பையை மாற்றிக்கொண்டார், ஒரு முறை நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டார். பிறகு என் கைமேல் கையை வைத்தார். இருவரும் இறங்கினோம்.